பழைய எண், புதிய எண்

வலைப்பக்கத்தின் முகவரிக்குத் தமிழில் 'உரல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யூஆர்எல் என்பதை நம் நாக்கில் போட்டு உருட்டினால் உரல். முதன்முதலில் அதைப் படித்தபோது சிரித்தேன். போன வருஷம் ஜூலைக்குப் பிறகு சிரிப்பு வருவதில்லை. உரலில் தலையை விட்டால் உலக்கைக்குப் பயப்படக் கூடாது என்பார்கள். என் விஷயத்தில் தலையை விட்டது நான், இடி விழுந்தது வேறொரு பெண்ணுக்கு.

நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு, மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்தது மட்டும்தான். அது எப்படியோ துறைத்தலைவர் காதுக்குப் போய்விட்டது. "தம்பி, நம்ம டிபார்ட்மெண்ட் வெப்சைட்டைக் கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்றார். அதில் மூன்று புதுப் பகுதிகள் வேண்டும்: உதவித்தொகை, முன்னாள் மாணவர், ஆண்டு மலர். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தளம் 2019இல் ஒரு சீனியர் கட்டியது. அவர் வேலைக்குப் போய்விட்டார். முகவரிகளைப் பார்த்தால் கண் வலிக்கும். தளத்தின் பெயர், அப்புறம் 'இண்டெக்ஸ்', ஒரு புள்ளி, 'பிஎச்பி', கேள்விக்குறி, 'பக்கம்', சமக்குறி, 17. உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்ற குறிப்புதான் அந்த 17. ஏன் 17? அவர் பதினேழாவதாக எழுதியது அது. அவ்வளவுதான் காரணம்.

புதுப் பகுதிகளைச் சேர்க்கும் சாக்கில் எல்லா முகவரிகளையும் 'அழகாக்கி' விடுவது என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி முடிவு செய்தேன். 17 போய், துறையின் பெயர், சாய்கோடு, உதவித்தொகை, சாய்கோடு, வழிகாட்டி என்று வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு முகப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் திறந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் தட்டியது உள்ளே இருந்து. ஜனங்கள் வருவது வெளியே இருந்து. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெண்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஜூன் மாதமே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து தரும் உதவித்தொகை, வருஷத்துக்கு 12,000 ரூபாய், கடைசித் தேதி ஜூலை 31, விவரங்களுக்கு இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும். அந்தக் கோடுக்குள் இருந்தது 17ஆம் பக்கத்தின் பழைய முகவரி. நான் முகவரியை மாற்றியது ஜூலை இரண்டாவது வாரம்.

டெல்டா பக்கத்திலிருந்து வந்த முதலாமாண்டுப் பெண் ஒருத்தி அதை ஸ்கேன் செய்திருக்கிறாள். 404, பக்கம் இல்லை என்று வந்திருக்கிறது. எனக்கு இது தெரிந்தது செப்டம்பரில், தேர்வுக் கட்டணம் கட்டும் வரிசையில். அங்கே யாரோ என்னை 'வெப்சைட் அண்ணா' என்று காட்டிக் கொடுக்க, அவள் ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: "அண்ணா, அந்த ஸ்காலர்ஷிப்பை ஏன் நிறுத்திட்டாங்க?"

நிறுத்தவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "பேஜ் இல்லைன்னு வந்துச்சேண்ணா. டேட்டா தீர்ந்துடுச்சுன்னு நெனச்சு ரீசார்ஜ் பண்ணிட்டு மறுபடியும் பார்த்தேன். அப்பவும் இல்லைன்னுதான் வந்துச்சு. சரி, இந்த வருஷம் இல்லை போலன்னு விட்டுட்டேன்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முகவரி தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. உதவித்தொகையே இல்லை என்று நினைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு 404 என்றால் சுட்டி உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அவன் தளத்துக்குள் போய்த் தேடுவான். மற்றவர்களுக்கு அது ஆபீஸ் ஜன்னலை முகத்துக்கு நேராகச் சாத்துவது மாதிரி. ஜன்னல் சாத்தியிருந்தால் நம் ஊரில் யார் தட்டிக் கேட்கிறோம்? பேசாமல் திரும்பி வந்துவிடுவோம்.

அன்று ராத்திரி சர்வர் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 17ஆம் பக்கத்தைக் கேட்டு, கிடைக்காமல் போனவை 41. அதில் ஒரு ராத்திரி பதினொரு மணி வாக்கில் பத்து நிமிஷத்துக்குள் நாலு முறை. அது அவள்தானா என்று தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

சரி, பரிகாரத்துக்கு வருவோம். சென்னையில் என் சித்தப்பா வீட்டு வாசலில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய எண் 14, புதிய எண் 31. மாநகராட்சி கதவு எண்களை மாற்றிய பிறகு சென்னையில் பாதிப் பேர் விலாசத்தை இப்படித்தான் எழுதுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் 'ப.எண், பு.எண்' என்று போட்டிருப்பார்கள். சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருக்கும், ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு நம்பர் என்று. இப்போது யோசித்தால் அதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இல்லை. பழைய கடிதம் கையில் வைத்திருப்பவனும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறான்.

வலையில் இதற்குத் திருப்பிவிடுதல் என்று பெயர். பழைய முகவரியைக் கேட்டு வருபவனிடம் "இங்கே இல்லை, அங்கே போ" என்று சர்வரே சொல்லி அனுப்பிவிடும். 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது, 302 என்றால் தற்காலிகம். முகவரியை மாற்றினால் இந்தத் திருப்புதலைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருங்கள் என்று கூகுள்கூடச் சொல்கிறது. அது தேடுபொறியின் கணக்கு. சுவரில் ஒட்டிய தாளுக்கு ஒரு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, மழை வந்து கிழிக்கும் வரை அது இருக்கும். எங்கள் தளத்தின் எல்லாப் பழைய பக்கங்களுக்கும் சேர்த்து 63 வரிகள் எழுத வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேர வேலை. அந்தச் சனிக்கிழமை ராத்திரியே செய்திருந்தால்...

(அதிலும் சொதப்பினேன். ஒரு 301ஐத் தப்பான பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். நிரந்தரம் என்று சொல்லிவிட்டால் உலாவி அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், நாம் பிறகு திருத்தினாலும் சில பேருக்குப் பழைய தப்பே வரும். முதலில் 302 போட்டுச் சோதித்துவிட்டு அப்புறம் 301 ஆக்குவது உத்தமம்.)

இத்தனைக்கும் பிறகுதான், புதுப் பகுதிகளுக்கு முகவரி எப்படி அமைப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். டீக்கடை பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்தவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன். 'முன்னாள் மாணவர்' பகுதிக்குத் தனித் துணைக்களம் வேண்டும் என்றான் அவன். அதாவது கல்லூரியின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும். "கெத்தா இருக்கும்டா" என்றான். கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் கல்லூரிக் களத்தின் சாவி வெளியே ஒரு ஒப்பந்தக்காரர் கையில். துணைக்களம் வேண்டுமென்றால் அவருக்குக் கடிதம் எழுதி, அவர் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்து, பாதுகாப்புச் சான்றிதழும் அதற்குச் செல்லுகிறதா என்று பார்த்து... ஒரு வரி சேர்க்க மூன்று மாதம் ஆகும் ஊர் இது. அந்தப் பகுதியை வேறு ஆட்கள், வேறு கம்ப்யூட்டரில், தனியாக நடத்தப்போகிறார்கள் என்றால் துணைக்களம் நியாயம். ஒரே ஆள், அதுவும் பி.காம். பையன், எல்லாவற்றையும் பார்க்கிறான் என்றால் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு அடைவு போதும். டீக்குக் காசு கொடுத்தது நான் என்பதால் வாதத்தில் நான் ஜெயித்தேன் :-)

அடுத்த கேள்வி, முகவரிக்குள் எதையெல்லாம் எழுதுவது. இதற்கு வெளிச்சம் கிடைத்தது வரி வகுப்பில். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அந்த ஆளின் பான் எண். படித்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். வசதிதான். ஆனால் அதே வியாபாரி பெங்களூரிலும் கடை போட்டால் அங்கே 29இல் தொடங்கும் வேறு எண் வாங்க வேண்டும். இடத்தை எண்ணுக்குள் எழுதிவிட்டதால் இடம் மாறினால் எண்ணும் மாறுகிறது.

பான் எண்ணில் இன்னொரு வேடிக்கை. நாலாவது எழுத்து ஆள் யார் என்று சொல்லும்: தனிநபரா, கம்பெனியா, பங்காளி நிறுவனமா. ஐந்தாவது எழுத்து, தனிநபர் என்றால், அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. (நம் ஊர் இனிஷியலை அந்தப் படிவத்தில் எங்கே போடுவது என்பது தனிப் பதிவுக்கான சோகம்.) கல்யாணம் ஆகிப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்ணுக்கு அந்த ஐந்தாவது எழுத்து இனி பொருந்தாது. ஆனாலும் எண்ணை மாற்ற மாட்டார்கள். கார்டில் பெயர் மாறும், எண் அப்படியே இருக்கும். அந்த எழுத்தின் அர்த்தம் செத்துப்போனாலும் பரவாயில்லை, வங்கியிலும் ஆபீஸிலும் அந்த எண்ணைக் குறித்து வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது. வருமான வரித் துறையைப் பாராட்டி ஒரு மாணவன் எழுதுவது இதுவே முதல்முறையாக இருக்கும்.

இதையேதான் வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எழுதியவர் பெயர், இது வரைவா முடிவா என்ற நிலை, கோப்பின் பின்னொட்டு, எந்த மென்பொருள் என்ற தகவல், இதெல்லாம் முகவரியில் வேண்டாம் என்கிறார். எல்லாம் மாறக்கூடியவை. உருவாக்கிய தேதி மட்டும் மாறாது, அதை வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பு இன்றும் அதே முகவரியில் இருக்கிறது, பின்னொட்டு இல்லாமல். முகவரியின் ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாமல் வைத்தது என்று 2009இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக அதை எடுத்துவிடவில்லை. உலகமே எழுதிப் பழகிவிட்டதே.

எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. அதில் எத்தனை பக்கம் உண்மையில் அழிந்தது, எத்தனை என்னைப் போன்ற ஆட்கள் ராத்திரி மூன்று மணிக்கு 'அழகாக்கியது' என்று பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் கட்டிய 'அழகான' முகவரியைப் பார்த்தேன். முதல் சொல்லே துறையின் பெயர். எங்கள் வணிகவியல் துறை ஐந்து வருஷத்தில் மூன்றாகப் பிரிந்தது. அடுத்து எது எதனோடு சேரும் என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்புப் பிரிவுக்கு இதுவரை மூன்று பெயர்கள், ஒவ்வொரு பொறுப்பாளரும் வந்து ஒரு பெயர். ஆக, துறையின் பெயரை வெட்டினேன். சாதாரணச் சொல் ஒன்று, எல்லாம் சின்ன எழுத்தில், இரண்டு சொல் வந்தால் நடுவில் இணைப்புக்கோடு. (களப்பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை. ஆனால் சாய்கோட்டுக்குப் பின்னால் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் உண்டு. போனில் சொல்லி எழுதவைக்கும்போது உயிர் போகும்.)

வருஷத்தை எங்கே போடுவது என்பதில் ரொம்ப நேரம் போனது. ஆண்டு மலருக்கு வருஷம் சரி. 2022 மலர் என்றைக்கும் 2022 மலர்தான். உதவித்தொகைக் குறிப்புக்கு வருஷம் போட்டால், சுவரில் ஒட்டிய தாள் அடுத்த ஜூனில் பொய் சொல்லும். அதனால் வருஷம் இல்லாத ஒரு முகவரியில் எப்போதும் நடப்பு விவரம், பழையவை தனியாக வருஷத்தோடு. முன்னாள் மாணவர்களுக்குச் சேர்ந்த வருஷமா, முடித்த வருஷமா என்று கேட்டதற்கு, துறையில் இரண்டு பேராசிரியர்கள் பேசாமல் இருக்கும் அளவுக்குத் தகராறு ஆகிவிட்டது. அரியர் வைத்து ஒரு வருஷம் தள்ளி முடித்தவர்களை எங்கே போடுவது? சேர்ந்த வருஷம் என்று முடித்தேன். அது அரியரால் மாறாது.

இன்னொரு சிக்கல், அந்த 12,000 ரூபாய் உதவித்தொகை எந்தப் பகுதியில் சேரும்? தருவது முன்னாள் மாணவர்கள், பெறுவது இந்நாள் மாணவர்கள். நூலகத்தில் கேட்டபோது எங்கள் நூலகர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒரு புத்தகத்தை ஒரே கிளையில் தொங்கவிடாமல், அதன் பல முகங்களையும் முக்காற்புள்ளி போட்டு இணைத்து எண் தரும் கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டவர். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் சாய்கோடு ரங்கநாதனுக்குக் கட்டுப்படாது. அதற்கு ஒரே ஒரு அப்பாதான். காசு தேவைப்படுகிறவன் எந்தச் சொல்லைத் தேடுவான் என்று யோசித்து, உதவித்தொகையின் கீழ் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுட்டி மட்டும் கொடுத்தேன்.

கடைசியாகத் தமிழ். தமிழ்த்துறை ஐயா ஒருவர், "ஏன்யா, முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமே, தமிழுக்கு மட்டும் விலாசம் கிடையாதா?" என்றார். நியாயமான கேள்வி. தமிழ் விக்கிபீடியா தலைப்புகளைத் தமிழிலேயேதான் முகவரியில் வைத்திருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வாட்சப்பில் ஒட்டும்போது கொடுமை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். 'உதவித்தொகை' என்ற சொல்லில் கம்ப்யூட்டர் கணக்குக்குப் பத்துக் குறிகள். ஆக மொத்தம் 90 எழுத்துகள். ஒரே ஒரு சொல்லுக்கு! அதைக் க்யூஆர் கோடாக்கினால் கட்டங்கள் பொடிப்பொடியாகி, மங்கிய தாளில் மலிவான போன் திணறுகிறது. இன்னும் ஒன்று: 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கு இரண்டு வேறு முகவரி. மறுபடியும் 404.

தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றால், 'தொகை'யை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரு காலத்தில் பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் தலைப்பே வராது, 'பிளாக் போஸ்ட்' என்றும் ஒரு எண்ணும்தான் வரும். அதற்காக முதலில் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டுவிட்டுப் பிறகு தமிழுக்கு மாற்றியவர்கள் உண்டு. ஏறக்குறைய அதையேதான் நானும் செய்தேன். முகவரி ஆங்கிலச் சொல், பக்கம் முழுக்கத் தமிழ். ஐயாவிடம் 90 எழுத்துக் கணக்கைக் காட்டினேன். "கணக்கு சரிதான், ஆனா மனசு ஒப்பலைய்யா" என்றார். எனக்கும்தான்.

அந்தப் பெண் இந்த வருஷம் விண்ணப்பித்துவிட்டாள். போன வருஷம் நடந்தது என் தப்பு என்பதையும் ஒரு நாள் அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த ரீசார்ஜ் காசையாவது குடுங்கண்ணா" என்றாள். கொடுத்தேன். சிரித்தாளா கோபமா என்று சரியாகப் புரியவில்லை.

ஏப்ரலில் நான் படிப்பை முடித்துவிட்டுப் போகிறேன். பொறுப்பை வாங்கிக்கொள்ளப் போகிற ஜூனியரை உட்காரவைத்து, ஒரு நோட்டில் லெட்ஜர் மாதிரி கோடு போட்டு, இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது என்று 63 வரிகளையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, இந்தப் பழசையெல்லாம் எப்போ தூக்கிடலாம்?" என்றான்.

விடுதிப் பலகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலர் அக்காவிடம் சொல்லிவிட்டு, வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் காட்டினேன். மேலே நாலு அறிவிப்புகள் ஒட்டி, ஓரம் மஞ்சளாகி, அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருந்தது.